‘இருக்கிறது’ என்றும் சொல்லாமல், ‘இல்லை’ என்றும் சொல்லாமல்: அணு ஆயுதத்தில் பூடகக் கொள்கை என்ன செய்கிறது?

2006 டிசம்பரில் இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மெர்ட் ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தார். பேச்சு ஈரானைப் பற்றிப் போய்க்கொண்டிருந்தது. இஸ்ரேலையே இல்லாமல் ஆக்குவோம் என்று வெளிப்படையாக மிரட்டும் ஒரு நாடு அணு ஆயுதத்துக்கு ஆசைப்படுவதும், அமெரிக்கா, பிரான்ஸ், இஸ்ரேல், ரஷ்யா ஆகிய நாடுகளின் நிலையும் ஒன்றாகுமா என்று கேட்டார். அந்த வரிசையின் நடுவில் தன் நாட்டின் பெயரும் வந்துவிட்டதை அவர் கவனித்தாரா என்று தெரியாது. ஊர் கவனித்துவிட்டது. இஸ்ரேலில் பெரிய அமளி எழுந்தது; பதவி விலக வேண்டும் என்ற குரல்கள்கூடக் கேட்டன. பிரதமர் சொன்னதை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது, கொள்கையில் எந்த மாற்றமும் இல்லை என்று அவருடைய அலுவலகம் அவசரமாக விளக்கம் தந்தது.

இத்தனைக்கும் அவர் சொன்னதில் புதிய செய்தி ஒன்றும் இல்லை. இஸ்ரேலிடம் அணுகுண்டு இருப்பது ஊரறிந்த ரகசியம். ஸ்டாக்ஹோமில் இருக்கும் சிப்ரி ஆய்வு நிறுவனம் ஏறத்தாழ 90 குண்டுகள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைப் பிரதமர் வாய்தவறிச் சொன்னால் ஏன் இவ்வளவு பதற்றம்? அணு ஆயுத உலகத்தில் தெரிவது ஒன்று, ஒப்புக்கொள்வது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பல நாடுகள் பல பத்தாண்டுகளாகக் குடியிருக்கின்றன. அந்த இடைவெளி அணு ஆயுதம் பிற நாடுகளுக்குப் பரவுவதைத் தடுக்கிறதா, தூண்டுகிறதா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். 1968-இல் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு 1970-இல் நடைமுறைக்கு வந்தது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 1967 ஜனவரி 1-க்கு முன்பு குண்டு வெடித்துச் சோதித்த நாடுகளை மட்டும் அது அணு ஆயுத நாடுகளாக ஏற்கிறது. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்துதான் அவை. கையெழுத்திடும் மற்ற எல்லா நாடுகளும் குண்டு செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்து, தங்கள் அணு நிலையங்களைச் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். பதிலுக்கு, ஆக்கப் பணிகளுக்கான அணுத் தொழில்நுட்பம் அவர்களுக்குக் கிடைக்கும். ஐந்து நாடுகளும் தங்கள் ஆயுதங்களைக் கைவிடும் பேச்சுவார்த்தையை நேர்மையாக நடத்தும். இதுதான் பேரம். இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் மூன்றும் இதில் சேரவே இல்லை. வட கொரியா சேர்ந்து, 2003-இல் வெளியேறியது.

‘தெளிவில்லாத அணுக் கொள்கை’ அல்லது பூடகக் கொள்கை என்று செய்திகளில் வருவது உண்மையில் இரண்டு வேறு விஷயங்கள். ஒன்று, ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்பதையே சொல்லாமல் விடுவது. இஸ்ரேல் செய்வது இது. மற்றொன்று, ஆயுதம் இருப்பதை ஒப்புக்கொண்டு, அதை எப்போது பயன்படுத்துவோம் என்பதைச் சொல்லாமல் விடுவது. ஐந்து பெரிய நாடுகளில் சீனா மட்டும் ‘முதலில் பயன்படுத்த மாட்டோம்’ என்கிறது. மற்றவை ஏதோ ஓர் அளவுக்குப் பிடிகொடுக்காமல்தான் பேசுகின்றன. இந்தியாவும் அதே வாக்குறுதியைக் கொடுத்திருக்கிறது. ஆனால் 2019 ஆகஸ்டில் போக்ரானுக்குப் போன பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், இதுவரை அந்தக் கொள்கையைக் கடைப்பிடித்திருக்கிறோம், வருங்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். அந்த ஒரு பேச்சோடு இந்தியக் கொள்கையிலும் கொஞ்சம் புகை கலந்தது. இந்த இரண்டாம் வகைக்குப் பிறகு வருகிறேன். ஆயுதப் பரவலோடு நேரடியாகப் பின்னிக்கிடப்பது முதல் வகைதான்.

இஸ்ரேலின் கதை 1950களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. நெகேவ் பாலைவனத்தில் டிமோனா என்ற ஊருக்குப் பக்கத்தில் பிரான்ஸின் உதவியோடு ஓர் அணு உலை எழுந்தது. அதற்கு வேண்டிய கனநீர் நார்வேயிலிருந்து வந்தது. ஹெலிகாப்டரில் அந்த வழியே போன அமெரிக்கத் தூதர் கீழே தெரியும் கட்டடம் என்னவென்று கேட்டபோது, உடன் இருந்த இஸ்ரேல் அதிகாரி அதைத் துணி ஆலை என்றார். 1960 முடிவதற்குள் அமெரிக்க உளவுத்துறைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பிரதமர் பென் குரியன் அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில், அது அமைதிப் பணிக்கான ஆராய்ச்சி உலை என்று அறிவித்தார்.

ஜனாதிபதி கென்னடி இதை எளிதாக விடவில்லை. ஆய்வாளர்களை அனுமதிக்காவிட்டால் இஸ்ரேலுக்கு அமெரிக்கா தரும் ஆதரவே ஆட்டம் காணும் என்ற அளவுக்கு 1963-இல் கடுமையாகக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டனில் அவரைச் சந்தித்தார் இஸ்ரேலின் பாதுகாப்புத் துறை துணை அமைச்சர் ஷிமோன் பெரஸ். அணு ஆயுதத்தைப் பற்றிக் கென்னடி நேராகக் கேட்க, இந்தப் பிராந்தியத்துக்குள் அணு ஆயுதத்தை முதலில் கொண்டுவருவது நாங்களாக இருக்க மாட்டோம் என்று பதில் சொன்னார். அந்த நேரத்துக்குச் சொன்ன சமாளிப்பு, நாளடைவில் ஒரு நாட்டின் கொள்கையாகவே ஆகிவிட்டது. இன்றும் இஸ்ரேல் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறது.

அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்பது 1968 நவம்பரில் ஒரு மேசையைச் சுற்றி விவாதிக்கப்பட்டது. இஸ்ரேல் அமெரிக்காவிடம் 50 ஃபாண்டம் போர் விமானங்களைக் கேட்டிருந்தது. விமானம் வேண்டுமென்றால் அணு ஆயுத விஷயத்தில் உறுதி கொடுங்கள் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சார்பில் பால் வார்ன்கே கேட்டார். எதிரே அமர்ந்திருந்தவர் அப்போது தூதராக இருந்த இட்சாக் ரபீன். ‘கொண்டுவருவது’ என்றால் உங்கள் கணக்கில் என்ன என்று வார்ன்கே குடைந்தார். சோதித்துப் பார்க்காத, வெளியே அறிவிக்காத ஒரு கருவியை ஆயுதம் என்று சொல்ல முடியாது என்பது ரபீனின் நிலை. ஒரு பாகம் ஓர் அறையிலும் இன்னொரு பாகம் அடுத்த அறையிலும் இருந்தாலும் எங்களுக்கு அது ஆயுதம்தான் என்றார் வார்ன்கே. இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் விமானங்கள் போய்ச் சேர்ந்தன. இந்த உரையாடலை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பூடகக் கொள்கையின் முழு உள்ளமைப்பும் இதில் தெரிகிறது. பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை, எதிரே இருப்பவருக்கும் அது புரிகிறது, புரிந்தும் கையெழுத்துப் போடுகிறார்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சனும் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயரும் வெள்ளை மாளிகையில் தனியாகப் பேசினார்கள். அதற்குப் பிறகு அமெரிக்கர்கள் டிமோனாவுக்குப் போய்ப் பார்ப்பது நின்றது. பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லும் நெருக்கடியும் நின்றது. சோதனை நடத்தாதீர்கள், அறிவிக்காதீர்கள், நாங்களும் கேட்க மாட்டோம் என்பதுதான் உடன்பாடு என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் நிக்சனுக்கு அனுப்பிய குறிப்பு பின்னாளில் வெளியானது. இஸ்ரேலிடம் ஆயுதம் இல்லாமலிருப்பதே நாம் விரும்புவது. ஆனால் குறைந்தபட்சமாக நமக்கு வேண்டியது, அது உலகம் அறிந்த உண்மையாக நிலைபெறாமல் பார்த்துக்கொள்வதே என்ற கருத்தை அதில் அவர் எழுதியிருந்தார்.

இந்தக் கணக்கில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. இஸ்ரேல் வெளிப்படையாகக் குண்டு வெடித்திருந்தால் எகிப்து ஜனாதிபதி நாசரால் சும்மா இருந்திருக்க முடியுமா? சொந்த மக்களும் ராணுவமும் கேட்டிருப்பார்கள். சோவியத் யூனியனிடம் குண்டு கேட்க வேண்டிய, அல்லது சொந்தமாகச் செய்ய வேண்டிய கட்டாயம் வந்திருக்கும். வெளியே சொல்லாததால், தெரிந்தும் தெரியாததுபோல இருக்க அரபுத் தலைவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. எகிப்து குண்டு செய்யவில்லை. 1968-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 1981-இல் அதை உறுதியும் செய்தது. பூடகக் கொள்கையை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது எகிப்தைத்தான். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அது பாதிக் கதை. மௌனம் யாரை ஏமாற்றுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து நாட்டு ராணுவத் திட்டமிடுபவர்களை அது ஏமாற்றுவதில்லை. இஸ்ரேல் ஏற்கெனவே அணு ஆயுதம் செய்துவிட்டது என்று அமெரிக்க உளவுத்துறை 1974-லேயே மதிப்பீடு எழுதிவிட்டது. பாக்தாதிலும் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் இருந்தவர்கள் அதைவிடக் குறைவாக நினைத்திருப்பார்கள் என்று நம்ப இடமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோலத்தான்: பரிமாறுகிறவருக்கும் தெரியும், இலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். தெரியாமல் போவது இரண்டு தரப்புக்கு. ஒன்று சர்வதேச ஆய்வாளர்கள். ஏனென்றால் அறிவிக்காத ஒன்றைக் கணக்கெடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மற்றொன்று சொந்த நாட்டு மக்கள்.

மக்கள் எப்படி விலக்கி வைக்கப்படுகிறார்கள் என்பதற்கு மொர்தெகாய் வனுனுவின் கதை போதும். டிமோனாவில் 1976 முதல் 1985 வரை தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர். உள்ளே ஏறத்தாழ 60 புகைப்படங்களை ரகசியமாக எடுத்துக்கொண்டு லண்டன் போனார். அவற்றை வைத்து 1986 அக்டோபர் 5 அன்று ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை விரிவான செய்தி வெளியிட்டது. குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை பூமிக்கு அடியில் ஆறு தளங்களில் இருக்கிறது என்று அவர் விவரித்திருந்தார். செய்தி வெளிவருவதற்கு முன்பே இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட்டைச் சேர்ந்த ஒரு பெண் அவரோடு பழகி ரோமுக்கு அழைத்துப் போக, அங்கிருந்து கடத்தப்பட்டு இஸ்ரேலுக்குக் கொண்டுவரப்பட்டார். நீதிமன்றத்துக்கு வேனில் அழைத்துச் செல்லும்போது, தான் ரோமில் கடத்தப்பட்ட விவரத்தை உள்ளங்கையில் எழுதிக் கண்ணாடியில் அழுத்தி வெளியே நின்ற பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். 18 ஆண்டு சிறை. அதில் 11 ஆண்டுகளுக்கு மேல் தனிமைச் சிறை. 2004-இல் வெளியே வந்தார். ஒரு ஜனநாயக நாட்டில், தன் நாட்டிடம் என்ன ஆயுதம் இருக்கிறது, அதன் மேல் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்று குடிமகன் கேட்கவே முடியாத நிலை அது. பாதுகாப்பு ரகசியம் எல்லா நாடுகளிலும் உண்டு. ஆயுதம் இருக்கிறது என்ற அடிப்படை உண்மையையே பேசக் கூடாது என்பது அதிலிருந்து வெகுதூரம் போய்விட்ட ஒன்று. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இப்போது இராக்குக்கு வருவோம். இராக் 1969-லேயே பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. 1970களில் பிரான்ஸிடமிருந்து ஓர் அணு உலையை வாங்கியது. 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேல் விமானங்கள் பாக்தாத் அருகே அந்த உலையைக் குண்டு வீசி அழித்தன. எதிரி நாடு எதையும் அணு ஆயுதம் செய்ய விட மாட்டோம் என்று அன்றைய பிரதமர் பெகின் அறிவித்தார். தன்னிடம் இருப்பதைச் சொல்லாத நாடு, பிறரிடம் வரப்போவதைக் குண்டு வீசித் தடுக்கிறது. ஐ.நா. பாதுகாப்புச் சபை 487-ஆவது தீர்மானத்தில் தாக்குதலைக் கண்டித்ததோடு, இஸ்ரேல் தன் அணு நிலையங்களைச் சர்வதேசக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அது நடக்கவில்லை.

சதாம் உசேன் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ‘குண்டு செய்யாதே’ என்பது அல்ல. ‘வெளியே தெரியும்படி செய்யாதே’ என்பதுதான். ஒரே பெரிய உலையை நம்பியிருந்த திட்டம், பல ரகசிய இடங்களுக்குப் பிரிந்து, யுரேனியத்தைச் செறிவூட்டும் வழிக்கு மாறியது. இயற்கை யுரேனியத்தில் வெடிக்கத் தகுந்த வகை நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அதைப் பிரித்துச் சேர்த்து அடர்த்தியாக்குவதுதான் செறிவூட்டல். இதை ஒரு சாதாரணத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள்ளேயே செய்ய முடியும். சர்வதேச ஆய்வாளர்கள் அறிவிக்கப்பட்ட இடங்களைத் தவறாமல் போய்ப் பார்த்துவந்த அதே ஆண்டுகளில், அவர்களுக்குத் தெரியாமல் இந்த வேலை நடந்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகுதான் அதன் முழு அளவு வெளிப்பட்டது. இராக்கை இதில் தள்ளியது இஸ்ரேலின் மௌனம் மட்டும்தான் என்று சொன்னால் அது தவறு. ஈரானோடு நடந்த எட்டாண்டுப் போரும், அரபு உலகத் தலைமைக்கான சதாமின் ஆசையும் அதில் இருந்தன. ஆனால் பேசப்படாத ஓர் ஆயுதத்துக்குப் பேசப்படாத இன்னொரு திட்டம் பதிலாக முளைத்தது. கண்காணிப்பு முறைக்கு அது பெரிய அடி. ஆய்வாளர்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் துணை நெறிமுறை 1997-இல் வந்ததற்கு இராக் அனுபவம்தான் காரணம்.

அதே சதாம் பின்னாளில் பூடகத்தின் மறுபக்கத்தையும் காட்டினார். தடைசெய்யப்பட்ட ஆயுதங்களில் பெரும்பகுதியை 1991-இல் இராக் தானாகவே அழித்துவிட்டது. ஆனால் அதற்கான ஆதாரத்தை முழுமையாகக் காட்டவில்லை. பிடிபட்ட பிறகு 2004-இல் விசாரணை அதிகாரியிடம், ஈரானுக்குப் பயந்துதான் அந்தச் சந்தேகத்தை அப்படியே இருக்கவிட்டதாகச் சொன்னார். பக்கத்து நாட்டை மிரட்டுவதற்காகக் கட்டிக்காத்த சந்தேகம், அமெரிக்கப் படையெடுப்புக்குச் சாக்காகிவிட்டது. இல்லாத ஆயுதத்தைப் பற்றிய மௌனமும் ஆளைக் கொல்லும் என்பதற்கு 2003-க்குப் பிறகு இராக்கில் செத்த மக்களே சாட்சி.

நம் துணைக்கண்டத்தின் கதை வேறு மாதிரி. 1974 மே 18 அன்று போக்ரானில் இந்தியா குண்டு வெடித்தது. அதை ஆயுதம் என்று சொல்லவில்லை, ‘அமைதிக்கான அணு வெடிப்பு’ என்றது. கனடா கொடுத்த ஆராய்ச்சி உலையில் கிடைத்த புளூட்டோனியம் அது. கனடா ஒத்துழைப்பை நிறுத்தியது. அணுப் பொருள் விற்கும் நாடுகள் சேர்ந்து கட்டுப்பாட்டுக் குழு அமைத்தன. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை வெளிநாட்டுத் துணையின்றி நம் பொறியாளர்களே கட்டி 1980களில் இயக்கவேண்டி வந்த பின்னணி இதுதான். அடுத்த 24 ஆண்டுகள் ‘எங்களால் முடியும், ஆனால் செய்யவில்லை’ என்ற நிலையில் இந்தியா இருந்தது. பாகிஸ்தான் அந்த ‘அமைதி’ என்ற அடைமொழியை ஒரு நாளும் நம்பவில்லை. 1971 போரில் நாடு இரண்டாக உடைந்த கையோடு 1972 தொடக்கத்திலேயே அந்நாட்டுத் தலைவர் பூட்டோ குண்டுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டார். போக்ரான் அதற்கு வேகம் கூட்டியது.

1980களில் பாகிஸ்தானும் அதே மூடுமந்திரத்துக்குள் போனது. 1987 ஜனவரியில், எல்லையில் இந்தியாவின் பிராஸ்டாக்ஸ் ராணுவப் பயிற்சியால் பதற்றம் உச்சத்தில் இருந்தபோது, பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் இஸ்லாமாபாத்தில் பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கானைச் சந்தித்தார். எங்களிடம் குண்டு இருக்கிறது என்ற செய்தி அந்தப் பேட்டி வழியாகக் கசியவிடப்பட்டது. மார்ச்சில் அது அச்சேறியபோது அரசு மறுத்தது. அதே மாதம் பாகிஸ்தான் ஜனாதிபதி ஜெனரல் ஜியா, விரும்பினால் பாகிஸ்தானால் எப்போது வேண்டுமானாலும் குண்டு செய்ய முடியும் என்று அமெரிக்கப் பத்திரிகைக்குச் சொன்னார். எதிரிக்குச் சேதி போக வேண்டும், உலகத்துக்கு ஆதாரம் கிடைக்கக் கூடாது.

இந்த மௌனம் அமெரிக்காவுக்கும் தேவைப்பட்டது. பாகிஸ்தானிடம் குண்டு இல்லை என்று ஜனாதிபதி ஆண்டுதோறும் சான்று கொடுத்தால்தான் உதவி போகும் என்று 1985-இல் சட்டம் வந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளுக்கு எதிராகப் பாகிஸ்தான் தேவைப்பட்ட வரை அந்தச் சான்று தவறாமல் வந்தது. சோவியத் படைகள் வெளியேறிய மறு ஆண்டு, 1990 அக்டோபரில், அது நின்றது. அதற்குள் அமெரிக்காவின் தேவை மாறியிருந்தது.

யாரும் உற்றுப் பார்க்க விரும்பாத அந்த ஆண்டுகளில் நடந்ததுதான் மிகக் கொடியது. கானின் வலைப்பின்னல் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களின் வரைபடங்களையும் பாகங்களையும் 1987 முதல் ஈரானுக்கும், பிறகு லிபியாவுக்கும் வட கொரியாவுக்கும் விற்றது. துபாய் அதன் சந்தை. மலேசியாவில் ஷா ஆலமில் ஒரு பட்டறையில் பாகங்கள் கடைந்தெடுக்கப்பட்டன. அதை ஏற்பாடு செய்தவர் துபாயில் தொழில் நடத்திய இலங்கை வணிகர் ஒருவர். 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன கப்பலில் அந்தப் பாகங்கள் பிடிபட்டன; 2004 பிப்ரவரியில் கான் தொலைக்காட்சியில் தோன்றி ஒப்புக்கொண்டார். இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாத திட்டத்துக்கு நாடாளுமன்ற மேற்பார்வை கிடையாது, வெளித் தணிக்கை கிடையாது, ஏற்றுமதிக் கணக்கும் கிடையாது. ஒரு விஞ்ஞானி தன் இஷ்டத்துக்குக் கடை விரிக்க அதைவிட வசதியான இடம் எது? மௌனம் பரவலைத் தடுக்கும் என்று சொல்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

1998 மே மாதம் இந்தியா 11, 13 தேதிகளிலும், பாகிஸ்தான் 28, 30 தேதிகளிலும் வெடித்து மூடுதிரையை விலக்கின. மறு ஆண்டே கார்கில் போர் வந்தது. ஆகவே வெளிப்படையாக அறிவித்தால் அமைதி தானாக வந்துவிடும் என்றும் நான் வாதிடவில்லை. குண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை உரக்கச் சொல்வது, சொல்லாமல் இருப்பதைவிட எந்த விதத்திலும் புனிதமானது அல்ல.

தென்னாப்பிரிக்கா பூடகத்தை ஓர் உத்தியாகவே எழுதி வைத்திருந்தது. சாதாரண காலத்தில் மௌனம். ஆபத்து முற்றினால் மேற்கு நாடுகளுக்கு மட்டும் ரகசியமாகத் தெரிவிப்பது. அதுவும் பலிக்காவிட்டால் வெளிப்படையாகச் சோதிப்பது என்று மூன்று படிகள். ஆறு குண்டுகள் செய்தது. பிறகு தானாகவே அவற்றைப் பிரித்தழித்து, 1991-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993 மார்ச்சில் ஜனாதிபதி டி கிளர்க் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோதுதான் உலகத்துக்கு முழு விவரம் தெரிந்தது.

இதிலிருந்து வெளியேற வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அர்ஜென்டினாவையும் பிரேசிலையும்தான். அணு ஆயுதச் செய்திகளில் இந்த இரண்டு நாடுகளும் அடிபடுவதே இல்லை. நல்லபடியாக முடிந்த கதை என்பதாலோ என்னவோ. 1970களில் இரண்டும் ராணுவ ஆட்சியில், ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டு, பரவல் தடை ஒப்பந்தத்துக்கு வெளியே நின்று ரகசிய அணுத் திட்டங்களை நடத்தின. 1983 நவம்பரில் யுரேனியம் செறிவூட்டும் திறனை எட்டிவிட்டதாக அர்ஜென்டினா அறிவித்தது. உலகம் அதிர்ந்தது, ஆனால் பிரேசில் ஜனாதிபதிக்கு மட்டும் அறிவிப்புக்கு முன்பே தகவல் போய்விட்டது. அந்த ஒரு மரியாதையிலிருந்து எல்லாம் தொடங்கியது. இரண்டு நாடுகளிலும் மக்களாட்சி திரும்பியது. 1987-இல் பிரேசில் ஜனாதிபதி சார்னேயை பில்கனியெவ் செறிவூட்டல் ஆலைக்கே அழைத்துப்போய்க் காட்டினார் அர்ஜென்டினாவின் அல்ஃபோன்சின். அந்த ஆண்டே பிரேசில் தன் செறிவூட்டல் சாதனையை அறிவித்தபோது, அல்ஃபோன்சினுக்குத்தான் முதலில் சொன்னது. மறு ஆண்டு அவர் பிரேசிலின் அரமார் நிலையத்தைப் போய்ப் பார்த்தார். 1990-இல், பிரேசில் ராணுவம் குண்டு சோதிப்பதற்காக அமேசான் பகுதியில் கஷிம்பு என்ற இடத்தில் தோண்டி வைத்திருந்த ஆழ்குழிக்கு ஜனாதிபதி கோலோர் நேரில் போய், கேமராக்களுக்கு முன் சுண்ணாம்பை அள்ளிப் போட்டு அதை மூடும் வேலையைத் தொடங்கிவைத்தார். 1991-இல் இரு நாடுகளும் சேர்ந்து ஒரு பொதுக் கணக்கு முகமையை ரியோ டி ஜெனிரோவில் அமைத்தன. பிரேசில் நிலையங்களை அர்ஜென்டினா ஆய்வாளர்களும், அர்ஜென்டினா நிலையங்களைப் பிரேசில் ஆய்வாளர்களும் எண்ணிப் பார்ப்பார்கள். இன்றும் அது நடக்கிறது.

அங்கே நடந்தது மத்திய கிழக்கில் ஏன் நடக்கவில்லை? அர்ஜென்டினாவும் பிரேசிலும் குண்டு செய்து முடிக்கவில்லை. ஒன்றையொன்று அழிக்க நினைக்கவும் இல்லை. அது பெரிய வித்தியாசம். ஆனால் பூடகமும் ஒரு காரணம். மத்திய கிழக்கை அணு ஆயுதமற்ற பகுதியாக்க வேண்டும் என்று 1974-லேயே ஐ.நா.வில் கேட்டவை ஈரானும் எகிப்தும். 1995-இல் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டிக்க அரபு நாடுகள் சம்மதித்தபோது, இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தன. இதற்காக 2012-இல் நடத்துவதாக இருந்த மாநாடு நடக்கவில்லை. பரவல் தடை ஒப்பந்தத்தின் 2015 மறுஆய்வு மாநாடு இந்தக் காரணத்தாலேயே உடன்பாடின்றி முடிந்தது. மேசையில் எதையும் வைக்காத நாட்டிடம் எதைக் குறைக்கச் சொல்வது? இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் எகிப்து இன்றுவரை சேராமல் இருப்பதற்குச் சொல்லும் காரணமும் இஸ்ரேலின் அணு நிலைதான். ஒரு மௌனம் இன்னோர் ஆயுதத்தின் கதவையும் திறந்து வைத்திருக்கிறது.

ஈரான் இன்னொரு வகைப் பூடகத்தைக் கையில் எடுத்தது. ஒப்பந்தத்துக்கு உள்ளே இருந்துகொண்டே, குண்டு செய்யும் வாசற்படி வரை போய் அங்கே நிற்பது. நதான்ஸ் ஆலை 2002-இலும், மலைக்கு அடியில் இருக்கும் ஃபோர்தோ 2009-இலும் வெளியாருக்குத் தெரிந்தன. பெரிய நாடுகளோடு ஈரான் செய்துகொண்ட 2015 உடன்பாட்டில் செறிவூட்டல் 3.67 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்டது; 2018-இல் அமெரிக்கா விலகியது; 2021-இல் ஈரான் 60 சதவீதத்துக்குப் போனது. குண்டுக்கு ஏறத்தாழ 90 வேண்டும். மின்சாரத்துக்கு 60 சதவீதம் யாருக்கும் தேவையில்லை. ஈரான் குண்டு செய்தால் நாங்களும் செய்வோம் என்று சவூதி இளவரசர் முகமது பின் சல்மான் 2018-லேயே சொல்லிவிட்டார். வாசலில் நிற்பது தன்னைக் காப்பாற்றும் என்று ஈரான் போட்ட கணக்கு பொய்த்தது. 2025 ஜூனில் இஸ்ரேலும் பிறகு அமெரிக்காவும் அதன் நிலையங்களைத் தாக்கின. தாக்குதலுக்கு முன்பு 60 சதவீத யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். தாக்குதலுக்குப் பிறகு சர்வதேச அணுசக்தி முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டத்தை ஈரான் கொண்டுவந்தது. அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வழி அத்தோடு அடைபட்டது.

இரண்டாம் வகைப் பூடகம், அதாவது எப்போது பயன்படுத்துவோம் என்று சொல்லாமல் விடுவது, பரவலை வேறு வழியில் பாதிக்கிறது. 1991 ஜனவரியில் ஜெனீவாவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், இரசாயன ஆயுதத்தைத் தொட்டால் பயங்கரப் பதிலடி வரும் என்று இராக்கின் தாரிக் அஜீஸை எச்சரித்தார். அது அணுகுண்டா என்று சொல்லவில்லை. அந்த எண்ணம் வரட்டும் என்றே விட்டதாகப் பின்னாளில் எழுதினார். இராக் அந்தப் போரில் இரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்தவில்லை. ஆனால் அணு ஆயுதம் இல்லாத நாடுகள் இதைக் கேட்டால் என்ன நினைக்கும்? ஒப்பந்தத்தை மதித்து ஆயுதத்தைத் துறந்த எங்கள் மேல் அணுகுண்டு விழாது என்று எழுத்தில் கொடுங்கள் என்று அவை பல பத்தாண்டுகளாகக் கேட்கின்றன. எல்லாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் அப்படியோர் உறுதி இன்னும் வரவில்லை.

உடனடியாகச் செய்யக்கூடியது எது என்று கேட்டால், குண்டுக்கான புளூட்டோனியத்தையும் உயர் செறிவு யுரேனியத்தையும் இனிமேல் யாரும் தயாரிக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தைத்தான் சொல்வேன். அதற்கு ஒரு தனி வசதி இருக்கிறது. ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறாய் என்று எந்த நாட்டையும் அது கேட்க வேண்டியதில்லை. இனி தயாரிக்கவில்லை என்பதைச் சரிபார்த்தால் போதும். இஸ்ரேல் தன் பழைய வாக்கியத்தை விடாமலே டிமோனாவின் கதவைத் திறக்க முடியும். ஜெனீவாவில் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் இதற்கான பேச்சுவார்த்தை ஆணை 1995-லேயே தயாராகிவிட்டது. அங்கே எல்லா முடிவுகளுக்கும் ஒருமித்த சம்மதம் வேண்டும். இந்தியாவிடம் ஏற்கெனவே இருக்கும் கையிருப்பைக் கணக்கில் கொள்ளாத ஒப்பந்தம் தனக்குப் பாதகம் என்று பாகிஸ்தான் மறுக்கிறது. இஸ்ரேலுக்கும் அதில் விருப்பமில்லை. பேச்சுவார்த்தை இன்னும் தொடங்கவில்லை.